சைடோட்டி ஏறிய மரம்

சிங்கங்கள் திரியும் மாராக் காட்டில் கூடாரம் போட்டிருந்த தேவாலயப் பாடகர் குழுவுக்கு, அதன் தலைவர் ஓபியெரோ காலைக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார். திடீரென்று வழிகாட்டி சைடோட்டி ஓடிப்போய் ஒரு மரத்தில் விறுவிறுவென்று ஏறினான்.

சிங்கம் எதிரே வந்தாலும் அசையாதவன் அவன். அவனே ஏறுகிறான் என்றால்!

மொத்தக் குழுவும் அடித்துப் பிடித்துக்கொண்டு ஏறியது. சிலர் மரத்தில், சிலர் வண்டிக் கூரையில். ஓபியெரோவுக்கு ஒரு முள் கிளைதான் கிடைத்தது.

"ரெண்டு!" உச்சியிலிருந்து அலறினான் சைடோட்டி. "ரெண்டுமே பொண்ணு!"

"ஐயோ, பொட்டைச் சிங்கம்தான் வேட்டைக்கே வரும்! அண்ணே, ஜெபம் பண்ணுங்க!" என்று அடுத்த கிளையில் அழுதாள் பாடகி அதியாம்போ.

ஓபியெரோ கண்ணை மூடினார். "ஆண்டவரே, அந்த ரெண்டோட வாயையும் கட்டிப்போடும்!"

"ஆமென்!" என்றது குழு, பாட்டில் போலவே நாலு குரலில்.

சைடோட்டி சரசரவென்று இறங்கி வந்தான். முகமெல்லாம் பல்.

"எனக்கு ரெட்டைப் புள்ளைங்க பொறந்திருக்கு! இந்த மரத்து உச்சியிலதான் போன் எடுக்கும். ஆமா, நீங்கல்லாம் ஏன் மேல உட்காந்திருக்கீங்க?"

ஓபியெரோ கையிலிருந்த கஞ்சிக் கரண்டியை மெல்லக் காதில் வைத்துக்கொண்டார்.

"நாங்களும் வீட்டுக்குப் பேசலாம்னுதாம்பா!"