பச்சையில் ஒன்பது வீடுகள்

குசினிக்குள் தண்ணீர் வந்ததும் விஜேந்திரன் செய்த முதல் வேலை, மடிக்கணினியைத் திறந்து அது வரக்கூடியதா என்று பார்த்ததுதான்.

வரக்கூடாது. வரைபடத்தில் வீடு பச்சையில் இருந்தது.

சுதுகங்கைக் கரைக்கு வெள்ள அபாய வரைபடம் தயாரித்தவனே அவன்தான். ஆறு மாத உழைப்பு. சிவப்பு என்றால் ஓடு, மஞ்சள் என்றால் ஒரு கண் வைத்திரு, பச்சை என்றால் நிம்மதியாகத் தூங்கு. அவன் வீடும் அதே வரிசையிலிருந்த மற்ற எட்டு வீடுகளும் நல்ல இளம் பச்சை. போன வாரம் கூட்டம் வைத்து, படத்தைச் சுவரில் ஒட்டி, இங்கிருந்து யாரும் போகத் தேவையில்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருந்தான். கைகூடத் தட்டினார்கள்.

இப்போது அரிசி வாளி மிதந்தது.

"படத்துகிட்ட சொல்லுங்க, எனக்குக் கால் நனையுதுன்னு" என்றாள் அவன் மனைவி பிரதீபா, அடையாள அட்டைகளைப் பைக்குள் திணித்தபடி.

அவன் கதிரை மேல் ஏறி நின்று படத்தைப் பெரிதாக்கினான். அந்தப் பச்சைத் திட்டின் ஓரமெல்லாம் குண்டு குண்டாக, பழக்கப்பட்ட உருவமாகத் தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். பலாவும் கராம்பும் கமுகும் வீட்டுக் கூரைகளை மூடி நின்றன.

சட்டென்று விளங்கிவிட்டது. படத்துக்கு உயரக் கணக்குத் தந்த செய்மதி வானத்திலிருந்து அளந்தது மரங்களின் உச்சியை. அதைத் தரை என்று நம்பி, ஒன்பது குடும்பங்களைப் பலாமரத்து உச்சியில் குடிவைத்திருந்தான் இந்த மேதாவி.

பிழையைக் கண்டுபிடித்த சந்தோஷம் அரை நிமிடம் இருந்தது. அப்புறம் அந்த எட்டு வீடுகளும் நினைவுக்கு வந்தன. காளிமுத்து வீட்டில் கைக்குழந்தை. கைறுன்னிஸா அக்காவுக்கு முழங்கால் வலி, வேகமாக நடக்க முடியாது. எல்லாரும் அவன் பேச்சை நம்பிக் கதவை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

பிரதீபாவின் கையைப் பிடித்துக்கொண்டு மழையில் இறங்கினான்.

போகும்போதே மன்னிப்பை மனதுக்குள் எழுதி எழுதித் திருத்தினான். 'செய்மதித் தரவில் ஒரு சிறு குறைபாடு' என்று ஆரம்பிப்பதா, 'நான் ஒரு மடையன்' என்று ஆரம்பிப்பதா? இரண்டாவது சுருக்கமாக இருந்தது.

காளிமுத்து வீட்டுக் கதவை உடைக்காத குறையாகத் தட்டினான். அப்புறம்தான் பூட்டைப் பார்த்தான். அடுத்த வீட்டிலும் பூட்டு. எட்டு வீட்டிலும் பூட்டு.

எல்லாரும் மேட்டுப் பள்ளிவாசலின் மேல்மாடியில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். விடிந்ததுமே வந்துவிட்டார்களாம்.

காளிமுத்துவின் குழந்தை பாயில் கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் விஜேந்திரனுக்கு அழுகையே வந்துவிட்டது. வெட்கத்தை விட்டுக் கேட்டான், படம் பிழை என்று எப்படித் தெரிந்தது என்று.

"படத்த யாரு தம்பி பாத்தா?" என்றாள் கைறுன்னிஸா, அவனுக்கும் ஒரு கோப்பையை நீட்டியபடி. "நேத்து அந்தியில, மஃரிபு தொழுகைக்கு முந்தி நீங்க மோட்டர்பைக்கத் தள்ளிக்கிட்டு வந்து, இங்க மேட்டுல, இந்தப் பள்ளி முற்றத்துல வச்சிட்டுப் போனீங்க தானே? அதப் பாத்துத்தான் நாங்க சாமான் கட்டினோம்."

விஜேந்திரன் கோப்பையை வாங்கவில்லை.

பிரதீபா வாங்கிக்கொண்டாள். பைக்கைச் சர்விசுக்குக் கொடுத்திருப்பதாகத்தான் அவளிடம் சொல்லியிருந்தான்.