ஒரே ஒரு சாமான்

“இன்னும் ஒரே ஒரு சாமான்தான் பாக்கி. அது மட்டும் கிடைச்சுட்டா வண்டி பறக்கும்.”

போன வருஷமும் அட்சரம் பிசகாமல் இதையேதான் சொன்னார் ஹெட் கிளார்க். ரிட்டையர் ஆகி ஆறு வருஷம் ஆகியும் தெருவில் அவருக்கு அதுதான் பெயர். சொன்னது மனைவியிடம். அவள் அப்போதுதான் தையல் கிளாஸிலிருந்து வந்து, தோள் பையைக்கூட இறக்காமல் கார் ஷெட் வாசலில் நின்றிருந்தாள்.

“அந்தச் சாமான் பேரென்ன, திரும்பச் சொல்லுங்க.”

“ரோட்டர். கட்டைவிரல் பெரிசுதான் இருக்கும். அது இல்லாம இன்ஜின்ல பொறி வராது. இந்த வண்டிக்கு அது எங்க கிடைக்குது? கம்பெனியை மூடியே நாப்பது வருஷம் ஆச்சு.”

அதில் பொய் இல்லை. இந்தக் காருக்குச் சாமான் தேடி அவர் படாத பாடு பட்டிருக்கிறார். கதவுக் கைப்பிடிக்காகப் பழைய இரும்புக் கடையில் மூன்று நாள் தவம் கிடந்தார். பின்விளக்கு ஒரு கோழிப் பண்ணையில் அகப்பட்டது. கூண்டுக்குள் மாட்டி வைத்திருந்தான் அந்தப் புண்ணியவான். பேனாவையும் ஃபைலையும் தவிர வேறெதையும் தொட்டறியாத கை, இப்போது நகக்கண்ணெல்லாம் கிரீஸ்.

அதே கிரீஸைச் சொல்லித்தான் ஏழு வருஷத்துக்கு முன் ஒருவனை வாசலோடு திருப்பி அனுப்பினார். “கையில கிரீஸோட நிக்கிறவனுக்கு என் பொண்ணைக் கொடுக்க மாட்டேன்.” மகள் அவனோடு போய்விட்டாள். ஒரு வருஷத்தில் கோபம் தீர்ந்துவிட்டது. பாழாய்ப்போன வீம்புதான் தீரவில்லை. மனைவி அழுதபோது, தூசி மூடிக் கிடந்த இந்தக் காரைக் காட்டினார். மகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்ட கார் அது.

“இதை ஓட வச்சு, இதுலயே போய் நானே அவளைக் கூட்டிட்டு வர்றேன். அதுவரைக்கும் அவ பேச்சை எடுக்காதே.”

அவள் எடுக்கவில்லை. ‘சாமான் கிடைச்சுதா’ என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இன்று அதையும் கேட்கவில்லை. பையிலிருந்து துணியில் சுற்றிய ஏதோ ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். பிரித்தார். வாத்துப் படம் போட்ட மஞ்சள் துணி, ஓரமெல்லாம் கோணல் தையல். உள்ளே கறுப்பாக, பித்தளை முனையோடு, அச்சு அசல் ரோட்டர்.

ஆறு வருஷம் தேடியவர் முகம் மலர வேண்டாமா? வெளிறிப் போனது.

“எங்க கிடைச்சுது?”

“ஒரு பட்டறையில. வண்டி பேரைச் சொன்னேன். எங்கெங்கயோ விசாரிச்சு வரவழைச்சுக் கொடுத்தாங்க.”

“வேற வண்டியோடதா இருக்கும். சேராது.”

“போட்டுப் பாத்தாத்தானே தெரியும்.”

“பட்டறைக்காரன் உன் தலையில நல்லா கட்டிட்டான். நாலு வருஷமா வியாழக்கிழமை தவறாம தையல் கிளாஸ் போறே, ஒரு தலையணை உறை தைச்சு நான் பாத்ததில்லை. நீ ரோட்டர் வாங்கிட்டு வந்துட்டியாக்கும்.” வாத்துத் துணியில் விரல்களை அழுத்தித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

அவள் ரோட்டரை வாங்கிக்கொண்டு பானெட்டைத் தூக்கினாள். கறுப்பு மூடியின் இரண்டு கிளிப்பையும் தட்டிவிட்டு, பள்ளம் பார்த்து ரோட்டரை அழுத்தி, மூடியைத் திரும்ப மாட்டினாள். ஹெட் கிளார்க் வாயைப் பிளந்தார்.

“யார் சொல்லிக் கொடுத்தது?”

“அந்தப் பட்டறையிலதான். மூணு தடவை செஞ்சு காட்டினாங்க.”

“இரு, இன்னிக்கு வேண்டாம். பேட்டரி வேற...”

அவர் முடிப்பதற்குள் அவள் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருகிவிட்டாள். ஒரே திருகு. ஷெட் அதிர இன்ஜின் ஓடியது, ஒரு இருமல்கூட இல்லை.

அவள் துள்ளிக் குதிப்பாள், இல்லையென்றால் அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி வந்து அவரையே பார்த்தாள்.

“பதினஞ்சு வருஷம் நின்ன வண்டி, முதல் திருகுலயே இப்படிக் கிளம்புமா?”

ஹெட் கிளார்க் சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடிக் கூட்டை எடுத்தார். கண்ணாடி மூக்கின் மேல்தான் இருந்தது. கூட்டைத் திறந்து நீட்டினார். உள்ளே இன்னொரு ரோட்டர்.

“வண்டி போன வருஷமே ரெடி. நான்தான் இதைக் கழட்டி வச்சுக்கிட்டேன். நீ கிளாஸுக்குப் போனதும் மாட்டி, ஒரு தடவை ஓட விட்டுப் பாத்துட்டு, மறுபடி கழட்டிடுவேன்.” கூட்டை மூடினார். “போய் நின்னு, அவ கதவைத் திறக்கலைன்னா என்ன பண்றது? திறந்துட்டு, ‘யார் வேணும்’னு கேட்டுட்டான்னா? சாமான் கிடைக்கலைன்னு சொல்லிக்கிட்டே இருந்தா, எப்பவாவது போகலாம்னு ஒரு நினைப்பாவது மிச்சம் இருக்கும். பயம்தான். வேற என்ன.”

அவள் திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டார். அவள் திட்டவில்லை. அவர் கையிலிருந்த வாத்துத் துணியை மெல்ல உருவி, கிரீஸ் படாத பக்கம் மேலே தெரியும்படி மடித்தாள்.

“திறப்பா. வியாழக்கிழமை தவறாம எனக்குத் திறக்கிறவ உங்களுக்குத் திறக்க மாட்டாளா?” என்றாள். “நாலு வருஷமா என்ன தைச்சேன்னு கேட்டீங்களே, இந்தச் சட்டையைத்தான். உங்க பேத்திக்குச் சின்னதாப் போனதும், அவங்கப்பா பட்டறையில கை துடைக்க வச்சிருந்தார்.”