எண்ணெய்ச் சட்டி

"தூக்கிட்டுப் போங்க. நான் என்ன பிச்சையா கேட்டேன்?"

மரவள்ளி உருண்டை இருந்த தட்டை வாசலுக்கே தள்ளினாள் நவமணி. கொண்டுவந்த புஷ்பவள்ளி தட்டை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள்.

விடிந்ததிலிருந்து இது மூன்றாவது தட்டு. மலாயாவில், திகாம் பத்துவை அடுத்த அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் கிறிஸ்தவக் குடும்பம் இவளுடையது ஒன்றுதான். கிறிஸ்மஸ் வந்தால் இவள் வீட்டுப் பலகாரம்தான் வீடு வீடாகப் போகும். ஜப்பான்காரன் வந்தான், அரிசி போனது, சீனி போனது. புருஷன் பரஞ்சோதியையும் சயாம் ரயில் வேலைக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்காக லயமே கூடி இவளுக்குப் படியளக்க வேண்டுமா?

"கிறிஸ்மஸுக்கு வந்துடுவேன், முறுக்கு சுட்டு வை" என்று சொல்லிவிட்டுத்தான் அவன் லாரி ஏறினான். காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்து பஷீர் கடையில் எண்ணெய் வாங்கியிருந்தாள். மரவள்ளி மாவைப் பிசைந்து வைத்து, சட்டியை அடுப்பில் ஏற்றினாள். அடுத்த வீட்டு மருதம்மாளும் தட்டோடு உள்ளே வந்தாள்.

"நீங்களுமா அக்கா? இந்த லயத்துல என் முறுக்கைத் தின்னாத வாய் எது? இப்ப எனக்கே தட்டு நீட்டுறீங்க. புருஷன் பக்கத்துல இல்லேன்னா அவ்வளவு இளக்காரமா?"

"இளக்காரம் இல்லடி. வாங்கிக்க லா."

"எதுக்கு வாங்கணும்? தீபாவளிக்கு நான் உங்களுக்குத் தட்டு கொண்டாந்தேன், வாஸ்தவம். உங்க மாமியார் செத்த வருஷம், சாவு வீட்டுல எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது, கொண்டாந்தேன். எனக்கு என்ன வந்துச்சு? அவரு வர்ற நேரம். ஊரான் வீட்டுப் பலகாரத்தையா தின்னுட்டுக் கெடக்கேன்னு கேட்டா, நீங்களா பதில் சொல்வீங்க?"

மருதம்மாள் தட்டைத் தரையில் வைத்தாள். முந்தானையைச் சுற்றிப் பிடித்து, காய்ந்துகொண்டிருந்த சட்டியை அடுப்பிலிருந்து இறக்கினாள்.

"யாரைக் கேட்டு இறக்குறீங்க? இருங்க, நாலு பேரைக் கூப்பிட்டு நியாயம் கேக்கறேன்." விறுவிறுவென்று வாசலுக்கு வந்தாள் நவமணி.

பரஞ்சோதியோடு அதே லாரியில் சயாமுக்குப் போன முனியாண்டி, தலையைக் குனிந்துகொண்டு அங்கே நின்றிருந்தான், தனியாக.