ஒரு முழம் கறுப்புத் தாள்

செவலை ஆட்டுக்குச் சினிமா போஸ்டர் என்றால் உயிர். பசை வாசனைக்காகவே தெருத்தெருவாக அலையும். ஆனால் சந்தை மதில் பக்கம் மட்டும் நாலு நாளாகத் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. அங்கே ஒட்டியிருந்த புதுப் போஸ்டரில் கதாநாயகன் ரத்தம் சொட்டும் அரிவாளை ஓங்கிக்கொண்டு நின்றான். பக்கத்தில் சேலை காற்றில் பறக்க, இடுப்பு தெரிய, கதாநாயகி சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாள் காலையில் காக்கை பறந்து வந்தது.

"செவலை, உனக்கு விடிவுகாலம் பிறந்துடுச்சு. பார்க்கக் கூடாததை மறைக்கணும்னு ஆளுங்க கறுப்புத் தாளோட வந்திருக்காங்க."

"அப்பாடா! என்னை மாதிரியே பயப்படுறவங்களும் ஊருல இருக்காங்களே, அண்ணே!" என்று செவலை துள்ளிக்கொண்டு ஓடியது.

போய்ப் பார்த்தால், தாள் கதாநாயகியின் இடுப்பில் இருந்தது. அரிவாளில் ரத்தம் அப்படியே சொட்டிக்கொண்டிருந்தது.

"பாவம், அவசரத்துல இடம் மாத்தி ஒட்டிட்டாங்க" என்றது செவலை. நடுங்கிக்கொண்டே கிட்டே போய், ஈரம் காயாத தாளைப் பல்லால் மெல்ல உரித்தது. பசை பட்டு நாக்கில் எச்சில் ஊறியது, ஆனாலும் தின்னவில்லை. முன்னங்கால்களைச் சுவரில் ஊன்றி எழும்பி, கண்ணை மூடிக்கொண்டு, தாளை அரிவாள்மேல் வைத்து மூக்கால் அழுத்தியது.

சாயங்காலம் அந்த ஆட்கள் திரும்பி வந்தார்கள்.

"எந்தக் கிறுக்கன்யா இதை இங்க கொண்டுவந்து ஒட்டினான்?" என்று ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார்.

தாளைக் கிழியாமல் பதமாக உரித்து, பழையபடி இடுப்பிலேயே ஒட்டினார்கள். கிளம்பும்போது அவர் செவலையின் முதுகைத் தடவிப் பார்த்தார்.

"நல்லா கறி வச்சிருக்கே" என்றார்.