தீர்த்தனுக்குத் தூவிய முள்

பெங்களூர் ரயில் ஏறுவதற்கு முந்தின நாள்கூடத் தீர்த்தன் மாதப்பன் வீட்டில்தான் களி தின்றான். மறுநாள் ஒரு வார்த்தை சொல்லாமல் போய் அங்கே ஒரு மில்லின் கால்பந்து அணியில் சேர்ந்துகொண்டான். பாப்பாரப்பட்டிக் குழுவில் கோல் போட ஆளில்லை.

அடுத்த வருஷம், 1938இல், அந்த மில் அணி பாப்பாரப்பட்டிக்கே ஆட வந்தது.

"நம்ம களியைத் தின்னுட்டு ஓடின காலு. இன்னைக்கு நொண்டட்டும்," என்றான் மாதப்பன். தீர்த்தன் எப்போதும் பந்தோடு ஓடும் இடது ஓரத்தில் ஒரு கூடை நெருஞ்சி முள்ளைத் தூவியிருந்தான். ஊர்ப்பக்கம் எல்லோரும் வெறுங்காலில் ஆடிய காலம். "நம்மாளுங்க யாரும் அந்தப் பக்கம் போவாதீங்கடா!"

ஊதல் ஒலித்தது. தீர்த்தன் அந்த ஓரத்திலேயே பாய்ந்தான். முள்ளின் மேலேயே ஓடினான். வேகம் குறையவில்லை.

கோல் விழப்போகிறது என்றதும் மாதப்பனுக்கு எல்லாம் மறந்துபோயிற்று. குறுக்கே பாய்ந்தவன் இரண்டே எட்டில், "ஐயோ!" என்று உட்கார்ந்துவிட்டான்.

கோலைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்த தீர்த்தன், அவன் பாதத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். ஆத்திரத்தில் அதுவரை தீர்த்தனின் முகத்தையே முறைத்துக்கொண்டிருந்த மாதப்பன் அப்போதுதான் அவன் காலைப் பார்த்தான். மில்காரர்கள் கொடுத்த தடித்த பூட்ஸ்.

முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே தீர்த்தன் கேட்டான்:

"நம்ம மைதானத்துல ஏதுங்கண்ணா இத்தனை நெருஞ்சி?"