இடது மடிப்பு

ரயில் நிலையத்தின் சுரங்க நடைபாதையில் புதிதாக ஒரு பெரிய திரையை வைத்திருந்தார்கள். எதிரே போய் நின்றால் போதும், நிற்பவருக்குப் பழைய காலத்துக் கிமோனோவை உடுத்திக் காட்டும். வேலைக்கு ஓடுகிறவர்கள்கூட நின்று பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

சாயோகோவுக்குச் சிரிப்பு வரவில்லை. திரையில் எல்லோருக்கும் கிமோனோவின் முன்பக்கத்தில் வலது மடிப்பு இடது மடிப்புக்கு மேலே இருந்தது. உயிரோடிருப்பவர்களுக்கு இடது மடிப்புதான் மேலே வரவேண்டும். வலது மடிப்பு மேலே வருவது பிணத்துக்கு. மூன்று வாரத்துக்கு முன்னால் மகள் நத்சுமிக்குக் கடைசியாக உடுத்திவிட்டபோது, பழக்க தோஷத்தில் அவள் இடது மடிப்பை மேலே போட்டுவிட்டாள். இறுதிச் சடங்கு செய்ய வந்தவர் அதைப் பிரித்து, மாற்றிப் போடும்படி மறுபடி அவள் கையிலேயே கொடுத்தார்.

திரையைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம் போய்ச் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு முகமே வெளுத்துவிட்டது.

"படம் இடம் வலம் மாறிடுச்சும்மா. மன்னிச்சிடுங்க. இதோ, இப்பவே சரி பண்ணிடறேன்."

அதற்குள் சாயோகோ திரைக்கு முன்னால் போய் நின்றிருந்தாள். அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே முகவெட்டு என்று எல்லோரும் சொல்வார்கள். வலது மடிப்பு மேலே இருந்த அந்த உருவத்தை அவள் கண்கொட்டாமல் பார்த்தாள்.

திரை ஒருமுறை இருண்டு வெளிச்சமானது. இடது மடிப்பு மேலே வந்திருந்தது.

"இப்ப சரியா இருக்காம்மா?"

சாயோகோ, இந்த முறை யாரும் அந்த மடிப்பைப் பிரித்துவிடாதபடி, இரண்டு கையாலும் தன் நெஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.