ராஜப்பன் வாசித்த சாபம்

"தள்ளுங்கப்பா! ஒரே போடு, கதை முடிஞ்சிரும்!"

வீல் ஸ்பேனரை ஓங்கிக்கொண்டு நின்றான் டிரைவர் முனிவேல். கர்நாடக எல்லையோர ஜூஜுவாடி லாரி ஸ்டாண்டில் இருந்த அத்தனை பேரும் வட்டம் கட்டிவிட்டார்கள்.

நடுவில் அது சுருண்டு கிடந்தது. அஞ்செட்டியிலிருந்து புளி ஏற்றி வந்த அவன் லாரியில் தார்ப்பாயை உருவியபோது பொத்தென்று விழுந்த ஜந்து. உடம்பெல்லாம் ஓடு வேய்ந்த மாதிரி செதில். தலை எது, வால் எது என்றே தெரியவில்லை.

"முதலைக் குட்டிடா!"

"முதலை எங்கடா புளி மூட்டையில ஏறும்? இது பேய்க்குப் பொறந்தது."

"அண்ணா, அடிக்காதீங்க! இது எறும்புத்தின்னி. யாரையும் ஒண்ணும் பண்ணாது."

குறுக்கே புகுந்தவன் நவீன்குமார். பக்கத்துக் கம்பெனியில் இன்ஜினீயர். டீ குடிக்க வந்தவன். "ஃபாரஸ்ட்டுக்கு போன் பண்ணிட்டேன். கெளம்பிட்டாங்களாம்."

"அவங்க வர்றதுக்குள்ள என் கிளீனரை முழுங்கிரும். நகரு சார்!"

ஸ்பேனர் மேலே போனது.

"முனிவேலு! தொட்டே, கெட்டே!"

டீக்கடைச் சுவரோரம் பழைய புத்தகம் விற்கும் ராஜப்பனின் குரல். மனுஷன் வாயைத் திறந்தால் புளுகு. தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் யானைக்கு சீட் பிடித்துக் கொடுத்தேன் என்பார். சந்தேகப்பட்டால் கண்டக்டரைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்.

இன்று அவர் கையில் ஒரு கனத்த புத்தகம். எந்தத் துரை வீட்டுப் பரணில் கிடந்ததோ, எடைக்கு வந்தது. விரித்து, கூட்டத்துக்கு நேராகப் பிடித்தார்.

கையால் வண்ணம் தீட்டிய படம். செதிலுக்குச் செதில் தனிக் கோடு, தனி நிழல். தரையில் கிடந்ததை அப்படியே அள்ளிக் காகிதத்தில் வைத்த மாதிரி சுருண்டிருந்தது.

"அதேதான்டா!" என்றான் ஒருவன்.

"இருநூறு வருஷத்துக்கு முந்தி வெள்ளைக்காரன் கண்ணால பாத்து வரைஞ்சது" என்றார் ராஜப்பன். "கீழ என்ன எழுதியிருக்கான் தெரியுமா? இதைக் கொன்னவன் எந்த வண்டியில ஏறுனாலும் பிரேக் புடிக்காது!"

கர்நாடகா டிரைவர்களுக்காக அதையே கன்னடத்தில் சொன்னார். அப்புறம் தெலுங்கில். தமிழில் பிரேக் மட்டும்தான் போயிருந்தது. கன்னடத்தில் டயரும் வெடித்தது. தெலுங்குக்கு வந்தபோது லைசென்ஸே பறிபோய்விட்டது.

முனிவேலின் கை தாழ்ந்தது.

நவீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தக் காலத்திலும் சாபமா?

"இருநூறு வருஷத்துக்கு முன்னாடி ஏதுங்க லாரி? ஏன் இப்படிப் புளுகுறீங்க? குடுங்க, நானே படிக்கிறேன்."

"வேணாம் கண்ணு." ராஜப்பனின் குரல் முதல் முறையாகத் தடுமாறியது.

"அப்ப எல்லாம் டூப்பா பெருசு?" ஸ்பேனர் மறுபடி உயர்ந்தது. "படி சார். சத்தமா படி!"

நவீன் புத்தகத்தைப் பிடுங்கினான். புத்தகம் வந்தது, படத்தின் அடிப்பாதியை மூடியிருந்த கிழவரின் உள்ளங்கை மட்டும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது. அதையும் விலக்கினான்.

அங்கே, அதே ஜந்து தலைகீழாகத் தொங்கியது. ஒருவன் செதில்களை உரித்துக்கொண்டிருந்தான். இன்னொருவன் அவற்றைத் தராசில் எடை போட்டுக்கொண்டிருந்தான். எதிரில் ஒரு வியாபாரி, வெள்ளிக் காசு வழியும் பையை நீட்டிக்கொண்டு நின்றான். இங்கிலீஷ் ஒரு எழுத்துகூடத் தெரிய வேண்டாம், பார்த்தாலே போதும்.

நவீன் நிமிர்ந்தான். ராஜப்பன் முனிவேலின் ஸ்பேனரைக் கண்ணால் காட்டினார்.

"என்ன சார் போட்டிருக்கு?" என்று முனிவேல் எட்டிப் பார்க்க வந்தான்.

நவீன்குமார் தன் உள்ளங்கையை அந்தப் பாதிமேல் வைத்து அழுத்தினான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"பெரியவர் சரியாத்தான் படிச்சாருண்ணா. ஒரே ஒரு வரியை விட்டுட்டாரு... கொல்றதைச் சுத்தி நின்னு பாக்குறவன் வண்டிக்கும் பிரேக் புடிக்காதாம்!"